சான்றிதழ் வேறு, காப்பீடு வேறு

அமெரிக்காவில் அலுவலகக் கட்டடம், கடைவளாகம், கிடங்கு, மருத்துவமனை போன்ற வணிகச் சொத்து எதிலாவது வேலை செய்ய வரும் ஒப்பந்ததாரர், கருவிப் பெட்டியை உள்ளே கொண்டுவருவதற்கு முன்பே, தம்மிடம் என்னென்ன காப்பீடுகள் உள்ளன என்பதைக் காகிதத்தில் காட்டியாக வேண்டும். அந்தக் காகிதத்தில் குறைந்தபட்சம் எது இருக்க வேண்டும் என்பதை நாடு முழுவதற்குமாக ஒரே சட்டம் சொல்வதில்லை. 1945-ஆம் ஆண்டின் மெக்காரன்–பெர்கூசன் சட்டம் காப்பீட்டுத் தொழிலை முறைப்படுத்தும் பொறுப்பை மாநிலங்களிடமே விட்டுவிட்டது. தொழிலாளர் இழப்பீடும் ஒப்பந்ததாரர் உரிமமும் அதற்கு முன்பிருந்தே மாநிலங்களின் கையில்தான் இருந்தன. ஆகவே ஒரு மாநிலத்தில் தண்டனைக்குரிய குற்றமாக இருப்பது, எல்லை தாண்டிய மற்றொரு மாநிலத்தில் முதலாளியின் விருப்பத்தைப் பொறுத்ததாக இருக்கிறது. இந்த வேறுபாட்டை அறியாமல் காகிதத்தை மட்டும் படிப்பவர், எழுத்துகளைப் படிப்பாரே தவிர, கட்டடத்தில் நிற்பவருக்கு உண்மையில் பாதுகாப்பு இருக்கிறதா என்பதை அறியமாட்டார்.

இக்காகிதங்களைச் சரிபார்க்கும் வேலையில் ஒரு பகுதி இந்தியாவிலும், குறிப்பாகச் சென்னையிலும், இரவு நேரத்தில் நடக்கிறது. கோடைக்காலத்தில் நியூயார்க்கில் காலை ஒன்பது மணி என்றால் சென்னையில் மாலை ஆறரை. கலிபோர்னியாவில் காலை ஒன்பது என்றால் சென்னையில் இரவு ஒன்பதரை. கட்டட உரிமையாளர்களின் சார்பில் ஒப்பந்ததாரர்களின் ஆவணங்களைப் பெற்று, ஒப்பந்தத்தில் கேட்டவை அவற்றில் உள்ளனவா என்று பார்த்து, குறையிருந்தால் திருப்பி அனுப்புவதே அங்குள்ள பரிசோதகரின் பணி. இப்பணிக்கு வருபவர்களில் பலர் வணிகவியல் பட்டதாரிகள்; இவர்கள் ஒரு வழக்கமான தவறான எண்ணத்துடன் வருவதை இக்கட்டுரையாளர் ஆண்டுதோறும் கண்டிருக்கிறார். இந்தியாவின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், விபத்துக்கு ஈடு தரும் பொறுப்பை முதலாளி மீது சுமத்தியதே தவிர, அந்தப் பொறுப்புக்குக் காப்பீடு வாங்கியே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர்களுக்குக் காப்பீடு என்பது விவேகமுள்ள முதலாளி விரும்பி வாங்கும் ஒன்றாகவே தோன்றுகிறது. பெரும்பாலான அமெரிக்க மாநிலங்களில் அது வேலையைத் தொடங்குவதற்கான முன்நிபந்தனை என்பதை ஏற்கச் சில மாதங்கள் பிடிக்கும்.

முதலில் தேட வேண்டியது தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு. அலுவலகப் பேச்சில் அதை 'டபிள்யூ.சி.' என்பார்கள். வேலையில் அடிபட்டவருக்கு மருத்துவச் செலவையும் இழந்த கூலியில் ஒரு பகுதியையும், தவறு யாருடையது என்று கேட்காமல் தருவது அதன் இயல்பு. அதற்கு ஈடாகத் தொழிலாளி தம் முதலாளி மீது வழக்குத் தொடுக்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறார். இந்த ஏற்பாடு வருவதற்கு முன், அடிபட்டவர் நீதிமன்றத்துக்குச் சென்று முதலாளியின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டியிருந்தது. முதலாளியோ, தொழிலாளியும் கவனக்குறைவாக இருந்தார், ஆபத்தை அறிந்தே வேலைக்கு வந்தார், தவறு செய்தவர் சக தொழிலாளி என்ற மூன்று வாதங்களில் ஒன்றைக் கொண்டு தப்பிவிட முடிந்தது. நியூயார்க் மாநிலம் 1910-இல் இயற்றிய கட்டாய இழப்பீட்டுச் சட்டத்தை, அம்மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் 1911 மார்ச் 24 அன்று அரசியலமைப்புக்கு முரணானது என்று தள்ளுபடி செய்தது. மறுநாள் நியூயார்க் நகரின் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் தீப்பிடித்து 146 பேர் இறந்தனர். சட்டம் வேண்டும் என்ற குரலை அதன்பின் அடக்க முடியவில்லை. நியூயார்க் தன் அரசியலமைப்பையே திருத்திப் புதிய சட்டத்தைக் கொண்டுவந்தது. 1911-இலேயே விஸ்கான்சின் இயற்றிய சட்டம் நிலைத்து நின்றது. அன்றைய மாநிலங்களில் கடைசியாக மிசிசிப்பி 1948-இல் இணைந்தது. டபிள்யூ.சி. என்ற கட்டத்தில் ஓர் எண்ணும் ஒரு தேதியும் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துவிட்டு நகரும் புதிய பரிசோதகருக்கு இந்த வரலாற்றைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று இக்கட்டுரையாளர் உறுதியாகக் கருதுகிறார். அந்தக் கட்டம் எத்தனை பேரின் சாவுக்குப் பிறகு வந்தது என்று அறிந்தவர் அதை வெறுமையாக விட்டு அனுமதிக்கமாட்டார்.

மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறுவது இக்கட்டத்தில்தான் மிகுதி. டெக்சாஸில் தனியார் முதலாளி இக்காப்பீட்டை வாங்காமலே இருக்கலாம். அப்படி விலகி நிற்பவரை அங்கு 'நான்-சப்ஸ்கிரைபர்' என்பார்கள். விலகி நிற்பவர் மீது தொழிலாளி வழக்குத் தொடுத்தால், மேலே சொன்ன மூன்று பழைய வாதங்களை அவர் பயன்படுத்த முடியாது; அரசுக் கட்டுமானப் பணிகளுக்கு மட்டும் காப்பீடு கட்டாயம். புளோரிடாவில் மற்றத் தொழில்களுக்கு நான்கு ஊழியர்கள் இருந்தால்தான் கட்டாயம் என்றாலும், கட்டுமானத் தொழிலுக்கு ஒரே ஊழியர் இருந்தாலும் கட்டாயம். நிறுவனத்தில் குறைந்தது பத்து விழுக்காடு பங்குடைய அதிகாரிகள் மூவர் வரை விலக்குப் பெறலாம். ஒஹாயோ, வடக்கு டக்கோட்டா, வாஷிங்டன், வயோமிங் ஆகிய நான்கு மாநிலங்களில் தனியார் காப்பீட்டு நிறுவனம் இக்காப்பீட்டை விற்கவே முடியாது; மாநில அரசின் நிதியத்திலிருந்துதான் வாங்க வேண்டும். ஆதலால் ஒஹாயோவில் நடக்கும் வேலைக்கு, டபிள்யூ.சி. வரியில் தனியார் நிறுவனத்தின் பெயரைக் கண்டால் பரிசோதகர் நின்று கேட்க வேண்டும். அந்தப் பாலிசி வேறு மாநிலத்து ஊழியர்களுக்கானதாக இருக்கலாம்.

விலக்கு என்பதே பெரும்பாலான சிக்கல்களின் தொடக்கம். கலிபோர்னியாவில் ஊழியர் எவரும் இல்லை என்று ஒப்பந்ததாரர் உரிம வாரியத்திடம் எழுதிக் கொடுப்பவருக்கு டபிள்யூ.சி. தேவையில்லை என்பது நீண்டகால விதி. முதலில் கூரை வேலை செய்வோருக்கு மட்டும் இச்சலுகை இல்லாதிருந்தது. ஊழியர் இல்லாவிட்டாலும் அவர்கள் காப்பீடு வைத்திருக்க வேண்டும். கூரை வேலையை ஒருவர் தனியாகச் செய்வது அரிது என்பதை நேரில் பார்த்த எவரும் இந்த விதியின் நியாயத்தை மறுக்கமாட்டார். 2023 ஜனவரி 1 முதல் கான்கிரீட், குளிரூட்டல், ஆஸ்பெஸ்டாஸ் அகற்றல், மரம் வெட்டுதல் ஆகிய பிரிவினரும் இதற்குள் வந்தனர். உரிமம் பெற்ற எல்லோருக்கும் இதை விரிவாக்கும் நாள் முதலில் 2026 என்று குறிக்கப்பட்டு, பின்னர் 2028-க்குத் தள்ளிவைக்கப்பட்டது. விலக்குச் சீட்டுடன் வருபவர் மறுநாள் இரண்டு உதவியாட்களை அழைத்து வந்தால், அந்த இருவரும் காகிதத்தில் இல்லாதவர்கள். புளோரிடா போன்ற மாநிலங்களில், துணை ஒப்பந்ததாரரிடம் காப்பீடு இல்லையென்றால் அவருடைய தொழிலாளிக்கு இழப்பீடு தரும் பொறுப்பு மேலே உள்ள முதன்மை ஒப்பந்ததாரர் மீதே விழுகிறது.

பிரீமியம் கணக்கிடப்படும் முறையையும் இங்கே சொல்ல வேண்டும். டபிள்யூ.சி. பிரீமியம், ஒவ்வொரு 100 டாலர் கூலிக்கும் இவ்வளவு என்ற வீதத்தில், வேலையின் வகைக்கு ஏற்ற குறியீட்டைக் கொண்டு வசூலிக்கப்படுகிறது. பல மாநிலங்களில் கூரை வேலைக்கு 5551, அலுவலக எழுத்தர் வேலைக்கு 8810 என்பன அக்குறியீடுகள்; இரண்டின் வீதங்களும் மலையும் மடுவும் போன்றவை. ஆகவே கூரை ஏறுபவரைத் தச்சர் என்றும், தச்சரை எழுத்தர் என்றும் காட்டும் ஆசை சில முதலாளிகளுக்கு எழுகிறது. ஆண்டு முடிவில் காப்பீட்டு நிறுவனத்தின் தணிக்கையாளர் சம்பளப் பட்டியலைக் கேட்பார். அப்போது துணை ஒப்பந்ததாரர்களின் சான்றிதழ்கள் கோப்பில் இல்லாவிட்டால், அவர்களுக்குக் கொடுத்த தொகையையும் கூலியாகக் கருதி முதன்மை ஒப்பந்ததாரரிடமே பிரீமியம் கேட்பார். நல்ல ஒப்பந்ததாரர் தமக்குக் கீழுள்ளவரின் காகிதத்தைத் துரத்தித் துரத்தி வாங்குவது இதனாலும்தான்.

உரிமத்துக்காக மாநிலம் கேட்கும் மற்றத் தொகைகள் பெரும்பாலும் சிறியவை. கலிபோர்னியா 25,000 டாலருக்கு ஒரு பிணைப்பத்திரம் கேட்கிறது; தொழிலில் அதை 'பாண்ட்' என்பார்கள். பாண்ட் என்பது காப்பீடு அன்று: ஒப்பந்ததாரரால் பாதிக்கப்பட்டவருக்குப் பிணை நிறுவனம் பணம் கொடுத்தால், அந்தப் பணத்தை ஒப்பந்ததாரர் திருப்பிக் கட்ட வேண்டும். பொறுப்புக் காப்பீட்டை, அதாவது ஒப்பந்ததாரரின் வேலையால் பிறருக்கு நேரும் காயத்துக்கும் சேதத்துக்கும் ஈடு தரும் காப்பீட்டை, அம்மாநிலம் எல்லா உரிமதாரரிடமும் கேட்பதில்லை, 'எல்.எல்.சி.' எனப்படும் வரையறுத்த பொறுப்பு நிறுவனமாகப் பதிவு செய்தவர்களிடம் மட்டும், பதிவில் ஐந்து பேர் வரை இருந்தால் 10 லட்சம் டாலரும், அதற்கு மேல் ஒவ்வொருவருக்கும் ஒரு லட்சம் டாலரும் என, 50 லட்சம் வரை கேட்கிறது. புளோரிடா தன் பொது ஒப்பந்ததாரரிடம் உடற்காயத்துக்கு 3,00,000 டாலரும் சொத்துச் சேதத்துக்கு 50,000 டாலரும் கேட்கிறது. டெக்சாஸில் பொது ஒப்பந்ததாரருக்கு மாநில உரிமமே இல்லை. மின் ஒப்பந்ததாரரோ ஒரு நிகழ்வுக்கு 3,00,000 டாலர் காட்ட வேண்டும். இருபது மாடி அலுவலகக் கட்டடத்தில் ஒரு குழாய் வெடித்துத் தண்ணீர் தளம் தளமாக இறங்கினால் 50,000 டாலர் எத்தனை அறைகளின் தரைவிரிப்புக்குப் போதும் என்று எண்ணிப் பார்த்தால், மாநிலத்தின் குறைந்தபட்சம் வணிகக் கட்டடத்துக்குப் போதாது என்பது விளங்கும்.

அதனால்தான் வணிகச் சொத்துகளில் உண்மையான நிபந்தனை சட்டத்திலிருந்து வராமல் ஒப்பந்தத்திலிருந்து வருகிறது. ஒரு நிகழ்வுக்கு 10 லட்சம் டாலர், ஆண்டு முழுவதற்கும் மொத்தம் 20 லட்சம் டாலர், வேலை முடிந்த பின் வெளிப்படும் சேதங்களுக்குத் தனியே 20 லட்சம் டாலர் என்பது பரவலாகக் கேட்கப்படும் அளவு. பெரிய வேலைகளுக்கு அதன் மேல் 'அம்ப்ரெல்லா' என்னும் கூடுதல் காப்பீடும் கேட்பார்கள். தொகையைவிட முக்கியமானது, கட்டட உரிமையாளரை ஒப்பந்ததாரரின் பாலிசியில் 'அடிஷனல் இன்ஷூர்ட்' ஆக, அதாவது கூடுதல் காப்பீடுதாரராகச் சேர்ப்பது. அப்படிச் சேர்த்தால் உரிமையாளர் மீது வழக்கு வரும்போது, ஒப்பந்ததாரரின் காப்பீட்டு நிறுவனமே வழக்கறிஞரை அமர்த்தி வழக்கை நடத்த வேண்டும்.

இனி அந்தக் காகிதத்தையே அருகில் வைத்துப் பார்க்கலாம். நாடு முழுதும் வழங்கும் படிவம் 'அக்கார்டு 25'. பொதுவாக ஒரே பக்கம். மேலே இடப்புறம் காப்பீட்டுத் தரகரின் பெயர், அதன் கீழ் ஒப்பந்ததாரரின் பெயர், வலப்புறம் ஏ, பி, சி என்ற எழுத்துகளுக்கு எதிரே காப்பீட்டு நிறுவனங்களின் பெயர்கள். நடுவில் பொதுப் பொறுப்பு, வாகனம், அம்ப்ரெல்லா, டபிள்யூ.சி. என்று வரிகள், ஒவ்வொரு வரியிலும் பாலிசி எண், தொடங்கும் நாள், முடியும் நாள், தொகை. பாலிசி எண்ணுக்கு இடப்பக்கத்தில் விரல் நகம் அளவே அகலமுள்ள இரண்டு குறுகிய பத்திகள் உள்ளன. ஒன்றில் 'ஒய்' என்ற எழுத்து இருந்தால் உரிமையாளர் கூடுதல் காப்பீடுதாரர் என்று பொருள். மற்றொன்றில் இருந்தால், இழப்பீடு கொடுத்த நிறுவனம் அத்தொகையை உரிமையாளரிடமிருந்து மீட்க முயலாது என்று பொருள். லட்சக்கணக்கான டாலர்கள் அந்த ஓர் எழுத்தில் தொங்குவதாகப் புதியவர்கள் நம்புகிறார்கள். ஆனால் படிவத்தின் தலைப்பகுதியில் அச்சிட்டிருக்கும் வாசகமோ, இச்சான்றிதழ் தகவலுக்காக மட்டுமே தரப்படுகிறது, வைத்திருப்பவருக்கு எந்த உரிமையையும் அளிக்காது, பாலிசியை எவ்விதத்திலும் மாற்றாது என்று தெளிவாகச் சொல்கிறது. பாலிசி இடையில் ரத்தானால் உரிமையாளருக்கு இத்தனை நாள் முன்னதாகத் தெரிவிக்க முயல்வோம் என்ற பொருளுடைய பழைய வரியும் 2009-ஆம் ஆண்டுப் பதிப்போடு நீங்கிவிட்டது.

உரிமை இருப்பது 'எண்டார்ஸ்மென்ட்' எனப்படும் இணைப்புத்தாளில். பாலிசியின் வாசகத்தைத் திருத்தும் தனித்தாள் அது. கூடுதல் காப்பீடுதாரருக்கான தாள்களில் பெருவழக்காக உள்ளது 'சி.ஜி. 20 10'. அதன் கீழ் மூலையில் அச்சிட்டிருக்கும் நான்கு இலக்கங்கள் பதிப்பின் மாதத்தையும் ஆண்டையும் குறிக்கும்; தொழில் அறிந்தவரின் கண் முதலில் அங்கே செல்லும். 11 85 என்ற பதிப்பு, ஒப்பந்ததாரரின் வேலையிலிருந்து எழும் எதையும் உள்ளடக்கியதால், வேலை முடிந்த பின் நேரும் சேதத்துக்கும் உரிமையாளரைக் காத்தது. 10 93 பதிப்பு அதை நடந்துகொண்டிருக்கும் வேலைக்கு மட்டும் சுருக்கியது. முடிந்த வேலைக்கு 2001 முதல் 'சி.ஜி. 20 37' என்ற வேறொரு தாள் வேண்டியதாயிற்று. 2004-இன் பதிப்பு, சேதத்துக்கு ஒப்பந்ததாரர் முழுமையாகவோ பகுதியாகவோ காரணமாக இருந்தால்தான் பாதுகாப்பு என்றது. 2013-இன் பதிப்பு, சட்டம் அனுமதிக்கும் அளவுக்கும் ஒப்பந்தம் கேட்ட அளவுக்கும் மேல் தராது என்று மேலும் குறுக்கியது. அந்த 'சட்டம் அனுமதிக்கும் அளவு' என்பதும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. உரிமையாளர் தம் சொந்தக் கவனக்குறைவின் சுமையை ஒப்பந்ததாரர் தலையில் ஏற்றுவதை டெக்சாஸ் 2012 முதலும், கலிபோர்னியா வணிகக் கட்டுமானங்களில் 2013 முதலும் சட்டத்தால் கட்டுப்படுத்தியிருக்கின்றன.

நியூயார்க்கில் இவையெல்லாம் கூர்மையாகின்றன. 1885-இல் வேர்கொண்ட 'சாரச் சட்டம்', இன்று தொழிலாளர் சட்டத்தின் 240-ஆம் பிரிவாக இருக்கிறது. உயரத்தில் வேலை செய்பவருக்கு உரிய சாரமோ ஏணியோ பாதுகாப்புக் கயிறோ தரப்படாததால் அவர் விழுந்தால், கட்டட உரிமையாளரும் முதன்மை ஒப்பந்ததாரரும், தாம் அங்கே இல்லாவிட்டாலும், பொறுப்பாவார்கள். விழுந்தவர் தம் முதலாளி மீது வழக்குத் தொடுக்க முடியாது, டபிள்யூ.சி. அதைத் தடுக்கிறது. எனவே உரிமையாளர் மீது தொடுக்கிறார். உரிமையாளர் ஒப்பந்தத்தைக் காட்டி அந்தச் சுமையை அதே முதலாளியிடம் திருப்புகிறார். இச்சுழற்சிக்கு 'ஆக்‌ஷன் ஓவர்' என்று பெயர். இதற்கு அஞ்சும் சில காப்பீட்டு நிறுவனங்கள், எந்த ஒப்பந்ததாரரின் ஊழியருக்கு நேரும் காயத்துக்கும் ஈடு இல்லை என்ற விலக்குத் தாளைப் பாலிசியில் சேர்த்துவிடுகின்றன. சான்றிதழில் அத்தாளுக்கென ஒரு கட்டமும் கிடையாது.

முகப்புச் சுவரைச் செப்பனிடும் வேலைக்கு வந்த சிறு ஒப்பந்ததாரர் ஒருவரின் சான்றிதழை இக்கட்டுரையாளர் ஒருமுறை அனுமதித்தார். தொகைகள் ஒப்பந்தப்படியே இருந்தன, இரண்டு பத்திகளிலும் 'ஒய்' இருந்தது, சி.ஜி. 20 10 தாளும் உடன் வந்தது. சில மாதங்களில் சாரத்திலிருந்து ஒருவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. வழக்கு வந்தபோது காப்பீட்டு நிறுவனம் பாலிசியின் பிற்பகுதியிலிருந்து அந்த விலக்குத் தாளை எடுத்துக் காட்டியது. கூடுதல் காப்பீடுதாரர் என்ற தகுதி இருந்தும், அத்தகுதிக்குள் எதுவும் இல்லை. சான்றிதழின் எந்தக் கட்டத்திலும் பொய் இல்லை என்பதுதான் இக்கட்டுரையாளரை நெடுநாள் வருத்தியது. பாலிசியின் தாள்பட்டியலை, அதாவது எந்தெந்த எண்ணுள்ள தாள்கள் இணைக்கப்பட்டுள்ளன என்று காட்டும் இரண்டு பக்கத்தை, கேட்டு வாங்கியிருந்தால் அது அன்றே தெரிந்திருக்கும். அதற்குப் பிறகு நியூயார்க் வேலை எதையும் தாள்பட்டியல் இல்லாமல் அவர் அனுமதித்ததில்லை; தரகர்கள் சினந்து எழுதிய நாள்களும் உண்டு, வேலை ஒரு வாரம் தள்ளிப்போன நாள்களும் உண்டு. அம்மாநிலத்தின் அரசு அலுவலகங்களே அனுமதி வழங்குமுன் டபிள்யூ.சி.க்குச் சான்றாக அக்கார்டு படிவத்தை ஏற்பதில்லை. காப்பீட்டு நிறுவனம் தரும் 'சி-105.2' படிவத்தையோ, மாநில நிதியம் தரும் 'யு-26.3' படிவத்தையோதான் கேட்கின்றன என்று சுட்டிக்காட்டியபோது எதிர்ப்பு ஓரளவு தணிந்தது.

சிறு ஒப்பந்ததாரர்களின் சிரமத்தையும் மறைக்கக் கூடாது. மூன்று பேரை வைத்துச் சாயம் பூசுபவரிடம், நூறு மாடிக் கட்டடத்துக்குக் கேட்கும் அதே பட்டியலை நீட்டுவது நியாயமன்று. அவர் அந்தப் பிரீமியத்தைக் கட்ட முடியாமல் வேலையை இழப்பார், அல்லது காகிதத்துக்காக மட்டும் மிக மலிவான, விலக்குகள் நிறைந்த பாலிசியை வாங்குவார். தரைத்தளத்தில் சாயம் பூசுபவருக்கும் கூரையில் தார் ஊற்றுபவருக்கும் வெவ்வேறு பட்டியல் வேண்டும் என்று உரிமையாளர்களிடம் வாதாடி மாற்றிய சில ஒப்பந்தங்களே, இக்கட்டுரையாளர் இத்தொழிலில் மனநிறைவோடு எண்ணிப் பார்ப்பவை.

வேலை முடிந்ததும் கோப்பை மூடிவிடும் வழக்கமும் பல இடங்களில் உண்டு. கலிபோர்னியாவில், வெளியே தெரியாத கட்டுமானக் குறைகளுக்காக வேலை முடிந்து பத்தாண்டுகள் வரை வழக்குத் தொடுக்க இடமிருக்கிறது. 2016-இல் போட்ட கூரை 2025-இல் ஒழுகினால், ஒப்பந்ததாரர் அதற்குள் தொழிலை விட்டிருக்கலாம், பெயரையும் மாற்றியிருக்கலாம். அவர் ஆண்டுதோறும் காப்பீட்டைப் புதுப்பித்தாரா என்பதைக் காட்ட, அந்த ஒவ்வோர் ஆண்டின் சான்றிதழும் சி.ஜி. 20 37 தாளும் கோப்பில் இருக்க வேண்டும். புதுப்பிக்கும் நாளுக்கு முப்பது நாள் முன்பே சென்னையிலிருந்து கடிதம் போகும். பதில் வராதவர்களின் பெயர்கள் மறுமாதப் பட்டியலுக்கு ஏறும்.